112 பஸ்ஸில் போன மாமி



நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். பெண்கள் விஷயம் என்று நினைத்து ஆண்கள் தாண்டிப் போக வேண்டாம். உங்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது, அதை எனக்குச் சொல்லித் தந்ததே ஓர் ஆண்தான்.

நான் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பரம்பரை பற்றிய பாடம் வரும்போதெல்லாம் பலகையில் ஒரு படம் வரைவேன். பெண் என்றால் வட்டம், ஆண் என்றால் சதுரம், நோய் உள்ளவர் என்றால் உள்ளே வெண்கட்டியால் நிரப்பிவிட வேண்டும். விக்டோரியா மகாராணியின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், அவர்களில் யார் யாருக்குக் குருதி உறையாமை நோய் வந்தது என்று வரிசையாக வரைந்து காட்டுவேன். கலாசாலையில் இருந்த காலத்தில் கற்பித்தல் பயிற்சிக்கு நான் எடுத்த முதல் பாடமும் இதுதான். விரிவுரையாளர் நல்ல புள்ளி போட்டார்.

இத்தனை வருடமாக இங்கிலாந்து ராஜ குடும்பத்தின் வருத்தத்தை மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்த நான், எங்கள் குடும்பத்துக்கு அப்படி ஒரு படம் வரைந்ததே இல்லை. போன வருடம் வரைய வேண்டி வந்தது.

என் ராத்தாவுக்கு 41 வயது. வெள்ளவத்தையில் எங்களுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறார். போன வருடம் நோன்புப் பெருநாள் முடிந்து கொஞ்ச நாளில், ஓர் அஸர் நேரம் வந்தார். அறைக் கதவைச் சாத்திவிட்டு என் கையைப் பிடித்துத் தன் இடது மார்பின் ஓரத்தில் வைத்தார். நெல்லிக்காய் அளவு இருந்தது. கல் மாதிரி இருந்தது. தள்ளினால் அசையவில்லை.

"எப்ப இருந்து ராத்தா?"

"நாலு மாசம் இரிக்கும்."

"நாலு மாசமா ஏன் ஒண்டும் சொல்லல்ல?"

"மகளுக்குப் பேசிட்டு ஈக்கிற நேரத்துல எப்படிச் சொல்ற? கேள்விப்பட்டா வார மாப்பிள்ளையும் வராது."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்று உள்ளுக்குள் தெரியும். எங்கள் வீடுகளில் பெண்ணின் வருத்தம் பெண்ணோடு நிற்பதில்லை. மகளின் கல்யாணம், தங்கச்சியின் கல்யாணம், மச்சியின் கல்யாணம் என்று அது போய்க்கொண்டே இருக்கும். அதனால் மூடி வைக்கிறோம்.

ஸ்கேன், மெமோகிராம், பயொப்சி எல்லாம் முடிந்து, புற்றுநோய்தான் என்று உறுதியானது. சத்திரசிகிச்சைக்கு முன்னால் டொக்டர் கேட்டார், "குடும்பத்தில் வேறு யாருக்கும் இது வந்திருக்கிறதா?" ராத்தாவும் உம்மாவும் ஒரே நேரத்தில் "இல்ல டொக்டர்" என்றார்கள். உம்மாவின் பக்கம் உண்மையிலேயே யாருக்கும் இல்லை. டொக்டர் விடவில்லை. "தகப்பன் பக்கம்?"

உம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார், "அவங்கட பக்கம் அப்படி இல்ல. மாமிக்கு நெஞ்சு வருத்தம். மதினிக்கு வயித்து வருத்தம்." மாமி என்று உம்மா சொன்னது எங்கள் வாப்பும்மாவை. மதினி என்றது வாப்பாவின் ராத்தாவை, அதாவது எங்கள் மாமியை.

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நெஞ்சு வருத்தம் என்றால் இதயமா, மார்பா? வயிற்று வருத்தம் என்றால் வயிற்றில் என்ன? எத்தனை வயதில்?"

எங்கள் மூன்று பேருக்கும் பதில் தெரியவில்லை. அப்போதுதான் அவர் சொன்னார், மூன்று தலைமுறைக்கு, இரண்டு பக்கமும், ஒரு குடும்பப் படம் வரைந்து கொண்டு வாருங்கள் என்று. விஞ்ஞான டீச்சருக்கு வீட்டுப்பாடம்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போனோம். ஜம்பட்டா வீதிப் பக்கம் வாப்பாவின் பழைய வீடு. வாப்பா மௌத்தாகி ஆறு வருடம். இப்போது அந்த வீட்டில் பெரியாப்பாவும், மாமியின் மகளான எங்கள் மச்சியும் இருக்கிறார்கள். மகளுடைய பயிற்சிக் கொப்பியில் ஒரு பக்கத்தைத் திறந்து, வட்டமும் சதுரமும் போட்டுக்கொண்டு நான் கேட்க ஆரம்பித்தேன்.

முதலில் எல்லோரும் "எங்கட குடும்பத்துல அப்படி ஒண்டும் இல்ல" என்றுதான் சொன்னார்கள். தேத்தண்ணி வந்தது. பேச்சு வேறு பக்கம் போனது. பிறகு மச்சி குசினியிலிருந்து வந்து கதவு நிலையில் சாய்ந்துகொண்டு சொன்னார்.

"உம்மா 112ல தான் போவா."

112 தெரியும்தானே? கொட்டாஞ்சேனைக்கும் மகரகமைக்கும் ஓடும் பஸ். மாமி மாதத்தில் இரண்டு தடவை அந்த பஸ்ஸில் போவாராம். யாரும் கேட்டால் மகரகமையில் கூட்டாளி ஒருத்தி இருக்கிறா, பார்க்கப் போகிறேன் என்பாராம். 12 வயதில் மச்சியையும் துணைக்குக் கூட்டிப் போயிருக்கிறார். எங்கே போனோம் என்று யாரிடமும் சொல்லக்கூடாது என்று பஸ்ஸில் வைத்து சத்தியம் வாங்கியிருக்கிறார். நம் ஊரில் "மகரகம" என்று சொன்னாலே போதும், மற்றதை ஆட்கள் விளங்கிக்கொள்வார்கள். மாமிக்கு வந்தது வயிற்று வருத்தம் இல்லை, சூலகத்தில் புற்றுநோய். 1994இல் மௌத்தானார். வயது 46. மச்சி 12 வயதில் கொடுத்த சத்தியத்தை அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் காப்பாற்றியிருந்தார். தன் கணவரிடம்கூடச் சொல்லவில்லையாம்.

மாமியின் வட்டத்தை நான் நிரப்பினேன். பிறகு வாப்பும்மாவின் வட்டம். அவருக்கு "நெஞ்சு வருத்தம்" என்றது மார்புதான். புண்ணாகி வெடித்து மணம் வந்ததை மறைக்க அறையில் எந்த நேரமும் சாம்பிராணி போட்டிருந்தார்கள் என்று மச்சி தன் உம்மா சொல்லக் கேட்டிருக்கிறார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

பெரியாப்பா அவ்வளவு நேரமும் சாய்வு நாற்காலியில் பேசாமல் இருந்தார். 78 வயது. நாங்கள் பெண்கள் சமாசாரம் பேசுகிறோம் என்று முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு இருக்கிறார் என்றுதான் நினைத்தேன். திடீரென்று கேட்டார்.

"சதுரம் ஆம்புளைக்கா?"

"ஓம் பெரியாப்பா."

"அப்ப என்னையும் நெரப்பு."

ஏழு வருடத்துக்கு முன் அவருக்குச் செய்த ஒப்பரேஷன் "சலம் போற வருத்தத்துக்கு" என்றுதான் எங்களுக்குத் தெரியும். அது புரொஸ்டேட் புற்றுநோய். சொந்த மகன்மாருக்கே அவர் சொல்லவில்லை. நான் அவருடைய சதுரத்தை நிரப்பும்போது கை நடுங்கியது. அவருடைய சதுரத்துக்குப் பக்கத்தில் வாப்பாவின் சதுரம் வெறுமையாக இருந்தது. வாப்பா மாரடைப்பில் போனவர், புற்றுநோய் எதுவும் இருக்கவில்லை. ஆனால் அந்த வெறும் சதுரத்தின் கீழேதான் ராத்தாவின் வட்டம் இருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் பாடம் எடுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் உடம்பின் கிட்டத்தட்ட ஒவ்வொரு கலத்திலும் டி.என்.ஏ. இருக்கிறது. சுமார் 320 கோடி எழுத்துள்ள ஒரு கிதாபு என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதை உம்மாவிடமிருந்து ஒரு பிரதி, வாப்பாவிடமிருந்து ஒரு பிரதி என்று இரண்டாக வாங்கியிருக்கிறோம். இந்தக் கிதாபு ஒவ்வொரு நாளும் சேதமாகிறது. வெயில், புகை, உடம்புக்குள் நடக்கும் சாதாரண இரசாயன வேலை, எல்லாமே அதில் கீறல் போடுகின்றன. ஒரே கலத்தில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான சேதம். அப்படியிருந்தும் நாம் நன்றாக இருக்கிறோம். காரணம், அந்தக் கிதாபுக்குள்ளேயே அதைத் திருத்துகிறவர்களை உண்டாக்கும் பக்கங்களும் இருக்கின்றன. அவற்றைத்தான் டி.என்.ஏ. திருத்தும் பரம்பரையலகுகள் என்கிறோம். சுப்ஹானல்லாஹ் என்று சொல்லாமல் இந்தப் பாடத்தை என்னால் முடிக்க முடிவதில்லை.

இந்தத் திருத்த வேலை எப்படி நடக்கிறது என்று கண்டுபிடித்ததற்காக 2015இல் மூன்று பேருக்கு இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்களில் ஒருவர் அஸீஸ் சன்ஜார். துருக்கியில் சவூர் என்ற சின்ன ஊரில், எழுத வாசிக்கத் தெரியாத தாய் தகப்பனுக்குப் பிறந்த எட்டுப் பிள்ளைகளில் ஒருவர். வெயிலால் வரும் சேதத்தைக் கலம் எப்படி வெட்டி எடுத்துத் திருத்துகிறது என்று காட்டியவர். என் வகுப்பில் பின்வாங்கில் இருக்கும் பிள்ளைகளுக்கு இவருடைய கதையைச் சொல்வேன்.

டி.என்.ஏ. சேதத்தில் மிக மோசமானது, இரண்டு இழையும் ஒரே இடத்தில் அறுந்து போவது. அந்த அறுந்த இடத்தைப் பிழையில்லாமல் சேர்ப்பதில் முக்கிய வேலை செய்யும் இரண்டு பரம்பரையலகுகளின் பெயர் பி.ஆர்.சி.ஏ. 1, பி.ஆர்.சி.ஏ. 2. முதலாவது 17ஆம் நிறமூர்த்தத்தில், இரண்டாவது 13ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. பெயர் மார்பகப் புற்றுநோயை வைத்து வந்ததால் இது பெண்களுடைய சாமான் என்று நினைக்கிறோம். இல்லை.

வீட்டுக்கு இரண்டு சாவி இருக்கிறது என்று வையுங்கள். ஒன்று தொலைந்தாலும் மற்றதை வைத்துக் கதவைத் திறந்துகொண்டு காலத்தைக் கழிக்கலாம். சில பேர் பிறக்கும்போதே ஒரு சாவி உடைந்த நிலையில்தான் பிறக்கிறார்கள். மற்றது வேலை செய்யும் வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனால் என்றாவது ஒரு நாள், மார்பிலோ சூலகத்திலோ புரொஸ்டேட்டிலோ, ஏதோ ஒரு கலத்தில் அந்த இரண்டாவது சாவியும் உடைந்தால், அந்தக் கலத்தால் அறுந்ததைச் சரியாகச் சேர்க்க முடியாது. பிழைக்கு மேல் பிழை சேரும். அதுதான் புற்றுநோய்க்கு வாசல்.

சாவி எப்படி உடைகிறது? டி.என்.ஏ.யை உடம்பு மூன்று மூன்று எழுத்தாக வாசிக்கிறது. "படம் கடல் மரம்" என்று எழுதியிருக்கிறது. அதில் முதல் "ட" மட்டும் விழுந்துவிட்டது. திரும்பவும் மூன்று மூன்றாக வாசித்தால் "பம்க டல்ம ரம்". விழுந்தது ஓர் எழுத்து, அதற்குப் பிறகு ஒன்றுமே விளங்காது. ராத்தாவின் இரத்தத்தைச் சோதித்தபோது பி.ஆர்.சி.ஏ. 2இல் இந்த மாதிரிச் சில எழுத்துகள் விழுந்திருந்தன. வாப்பும்மாவிடமிருந்து வாப்பாவுக்கு, வாப்பாவிடமிருந்து ராத்தாவுக்கு. வாப்பாவை அது ஒன்றும் செய்யவில்லை, ஆனால் அவர் வழியாகத்தான் கடந்து வந்திருக்கிறது.

உம்மா அன்று இரவு அழுதார். அவர் அழுதது நோயை நினைத்தல்ல. "இவ்வளவு நாளும் என்னாலதான் எண்டு நெனச்சிட்டு இருந்தேன்" என்றார். மகளுக்கு மார்பில் வருத்தம் வந்தால் தாயின் இரத்தத்தில்தான் குறை என்று யாரும் சொல்லாமலே அவர் மனதில் எடுத்துக்கொண்டிருந்தார்.

எங்களிடம் சொந்தக்காரர் கேட்ட கேள்விகளுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். சொந்தத்தில் கல்யாணம் கட்டியதால் வந்ததா? இல்லை. தலசீமியாவுக்குத்தான் தாய் தகப்பன் இரண்டு பேரிடமிருந்தும் பிழையான பிரதி வர வேண்டும். இதற்கு ஒரு பக்கமிருந்து வந்தாலே போதும். பிள்ளைகள் எல்லோருக்கும் வருமா? ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி, மகனுக்கும் மகளுக்கும் ஒரே கணக்கு. வந்தவர் எல்லோருக்கும் புற்றுநோய் வருமா? இல்லை. 2017இல் வந்த பெரிய ஆய்வு, பெரும்பாலும் மேற்கு நாடுகளில், இந்தப் பிழைகள் உள்ள சுமார் 10,000 பெண்களைப் பின்தொடர்ந்தது. பி.ஆர்.சி.ஏ. 2 பிழை உள்ளவர்களில் 80 வயதுக்குள் நூற்றுக்கு 69 பேருக்கு மார்பகப் புற்றுநோய், 17 பேருக்குச் சூலகப் புற்றுநோய் என்று கணித்தது. அந்த நாடுகளில் சாதாரணப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பேருக்குத்தான். பெரிய வித்தியாசம், ஆனால் தலையெழுத்து இல்லை.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். மார்பகப் புற்றுநோய் வந்த நூறு பேரை எடுத்தால், இப்படிப் பலமான பரம்பரைப் பிழை இருப்பது ஐந்திலிருந்து பத்துப் பேருக்குத்தான். மற்றவர்களுக்குக் குடும்பத்தில் ஒன்றுமே இல்லாமலும் வருகிறது. ஆகவே "எங்கட குடும்பத்துல இல்ல" என்று சொல்லி யாரும் கட்டியைப் பார்க்காமல் விட்டுவிட வேண்டாம். நம் நாட்டில் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் இதற்குத்தான், கிட்டத்தட்ட நான்கில் ஒன்று.

என்னை யோசிக்க வைத்த விஷயம் இது. 1990 வரைக்கும் மார்பகப் புற்றுநோய் பரம்பரையாக வரும் என்பதைப் பல விஞ்ஞானிகளே நம்பவில்லை. அமெரிக்காவில் மேரி கிளயர் கிங் என்ற பெண் விஞ்ஞானி பல வருடம் அதைத் தேடினார். கடைசியில் 23 குடும்பங்களில் 146 நோயாளிகளை வைத்து, அந்தப் பரம்பரையலகு 17ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது என்று 1990இல் காட்டினார். 1994இல் பி.ஆர்.சி.ஏ. 1 கைக்கு வந்தது, அடுத்த வருடம் பி.ஆர்.சி.ஏ. 2. ஆய்வுகூடம் பிறகுதான் வந்தது. அதற்கு முன்னால் 23 வீடுகளில் யாரோ ஒரு மகள், யாரோ ஒரு சாச்சி, "என் உம்மாவுக்கு இது இருந்தது, இத்தனை வயதில் மௌத்தானார்" என்று வாய் திறந்து சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெண்களும் மறைத்திருந்தால் அந்தப் படம் வரைந்திருக்க முடியாது.

1994 என்று வாசித்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. உலகம் அந்தப் பரம்பரையலகைக் கண்டுபிடித்துக் கையில் எடுத்த அதே வருடம்தான் எங்கள் மாமி, யாருக்கும் தெரியாமல், 112 பஸ்ஸில் போய்வந்து மௌத்தானார்.

இது வெள்ளைக்காரர் விஷயம் என்று நினைக்க வேண்டாம். இங்கே கொழும்பிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். கொழும்புப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இலங்கை நோயாளிகளின் பி.ஆர்.சி.ஏ. 1ஐ வாசித்து, வேறெங்கும் அதுவரை பதிவாகாத மாற்றங்கள் இருப்பதை 2008இல் வெளியிட்டார்கள். 2018இல் மருத்துவ பீடத்தின் மனித மரபியல் பிரிவினர் மாதவிடாய் நின்ற 350 நோயாளிப் பெண்களையும் 350 ஆரோக்கியமான பெண்களையும் ஒப்பிட்டார்கள். எக்ஸ்.ஆர்.சி.சி. 2 என்ற, திருத்த வேலை செய்யும் இன்னொரு பரம்பரையலகில் உள்ள சின்ன மாற்றம் ஒன்று நோயோடு சம்பந்தப்பட்டிருப்பதாகக் கண்டார்கள். அது உடைந்த சாவி மாதிரி இல்லை, கொஞ்சம் தேய்ந்த சாவி மாதிரி. ஆபத்தைச் சற்றுக் கூட்டும், அவ்வளவுதான். இப்படியான ஆராய்ச்சிகள் நம் நாட்டில் இன்னும் நிறைய வர வேண்டும். உலகத்தில் சேர்த்து வைத்திருக்கும் தகவலில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சத்தாருடையது. அதனால் நம்மவர் இரத்தத்தைச் சோதிக்கும்போது "இந்த மாற்றம் கெட்டதா இல்லையா என்று இப்போது சொல்ல முடியாது" என்ற பதில் அதிகமாக வருகிறது. நாம் மறைக்க மறைக்க நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் பதில் மங்கலாகத்தான் இருக்கும்.

இனிக் கல்யாண விஷயம். மறைக்காமல் எழுதுகிறேன் என்று ராத்தாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

கீமோ முடிந்த பிறகு ராத்தா மாப்பிள்ளை வீட்டாரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார். எனக்கு வந்தது இது, மகளுக்கு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், பாதிக்குப் பாதி என்று. அவர்கள் மரியாதையாகக் கேட்டார்கள். துஆச் செய்கிறோம் என்றார்கள். அதன் பிறகு போன் வரவில்லை. நல்ல முடிவு வந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் நடந்தது இதுதான். ராத்தாவின் மகள் இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் வந்து உம்மாவின் மருந்துப் பெட்டியை ஒழுங்குபடுத்தினாள். "பொறகு தெரிஞ்சு விட்டுட்டுப் போறதுக்கு இது மேல்" என்று மட்டும் சொன்னாள். 20 வயதுப் பிள்ளை.

சொல்வதற்கு விலை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். விலை இருக்கிறது. மறைத்ததற்கு எங்கள் குடும்பம் கொடுத்த விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். மாமி சொல்லியிருந்தால் வாப்பா அறிந்திருப்பார். வாப்பா அறிந்திருந்தால் ராத்தா முப்பது வயதிலிருந்தே பரிசோதித்து வந்திருப்பார். நெல்லிக்காய் அளவுக்கு வரும் முன் பிடித்திருக்கலாம். மாமியைக் குறை சொல்லவில்லை. அந்தக் காலத்தில் அவருக்குத் தெரிந்த வழியில் எங்களைப் பாதுகாத்தார். அல்லாஹ் அவருடைய கபுறை விசாலமாக்கட்டும்.

2016இல் நடந்தது ஞாபகம் இருக்கும். புற்றுநோயில் மகனைப் பறிகொடுத்த எம்.எஸ்.எச். முஹம்மத் என்பவர், மகரகம ஆஸ்பத்திரிக்கு பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்கித் தர கதீஜா பவுண்டேஷன் மூலம் நாடு முழுக்கக் கைநீட்டினார். எல்லாச் சமூகத்தவரும் சேர்ந்து 20 கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்தார்கள். நம் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் உண்டியல் காசைக் கொடுத்தார்கள். காசு கொடுக்க நமக்கு மனம் இருக்கிறது. சொந்தத் தங்கச்சிக்கு ஒரு வார்த்தை கொடுக்கத்தான் நாக்கு வரவில்லை. சொந்தபந்தத்தைச் சேர்ந்து நட என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தோம். பெருநாளைக்கு வீடு வீடாகப் போய் சலாம் சொல்வதோடு அது முடிந்துவிடுமா? என் உடம்பில் இருக்கும் ஒரு தகவல் என் தங்கச்சியின் உயிரைக் காப்பாற்றும் என்றால், அது என்னிடம் அவளுடைய அமானிதம் இல்லையா?

கடைசியாக என் சங்கதி. எனக்கு 36 வயது. ராத்தாவின் முடிவு வந்த பிறகு நானும் இரத்தம் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன்னும் முடிவு வந்த பின்னும் மரபியல் ஆலோசனை தந்தார்கள். அது முக்கியம், முடிவைத் தாங்குவதற்கும் தயாராக வேண்டும். ஆறு கிழமை காத்திருந்தேன். அந்த ஆறு கிழமையும் வகுப்பில் பாதிக்குப் பாதி என்ற சொல் வரும் இடமெல்லாம் தடுமாறினேன்.

எனக்கும் இருக்கிறது.

எனக்கு நோய் இல்லை. அல்ஹம்துலில்லாஹ், முதல் எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வருடமும் எம்.ஆர்.ஐ., மெமோகிராம் என்று போக வேண்டும். நாற்பதைத் தாண்டும்போது சூலகத்தை எடுப்பது பற்றி முடிவெடுக்க வேண்டும். பிள்ளைகளின் வாப்பாவோடு பேசி வருகிறேன். அவர் என்னைவிடத் திடமாக இருக்கிறார். என் மகளுக்கு ஒன்பது வயது. இந்தச் சோதனையைச் சின்னப் பிள்ளைகளுக்குச் செய்வதில்லை, பெரியவளாகித் தானே முடிவெடுக்க வேண்டும். அதுவரைக்கும் அவளுடைய வட்டம் கொப்பியில் வெறுமையாகவே இருக்கும். ஆனால் அவள் இருளில் வளர மாட்டாள்.

நானா இன்னும் இரத்தம் கொடுக்கவில்லை. அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மதினிக்குப் பயம். ராத்தாவின் மகளுக்கு நடந்ததைக் கண்ட பிறகு யாருக்குத்தான் பயம் இருக்காது? நான் வற்புறுத்தவில்லை. கொப்பியின் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து அவரிடம் கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான். மச்சி போன மாதம் தானாகவே கணவரைக் கூட்டிக்கொண்டு போய் பதிந்துவிட்டு வந்தார்.

இதை வாசிக்கிற உங்களிடம் கேட்பது கொஞ்சம்தான்.

இந்தக் கிழமை வீட்டில் மூத்தவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். யாருக்குப் புற்றுநோய் வந்தது? எந்த இடத்தில்? எத்தனை வயதில்? வாப்பா பக்கத்தையும் கேளுங்கள். "நெஞ்சு வருத்தம்", "வயித்து வருத்தம்" என்று பதில் வந்தால் மெதுவாக இன்னொரு தடவை கேளுங்கள். ஐம்பது வயதுக்கு முன் மார்பகப் புற்றுநோய், எந்த வயதிலும் சூலகப் புற்றுநோய், ஆணுக்கு மார்பகப் புற்றுநோய், ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று பேர் என்று இருந்தால் ஒரு டொக்டரிடம் சொல்லி மரபியல் ஆலோசனைக்கு வழி கேளுங்கள். எல்லோருக்கும் இந்தச் சோதனை தேவையில்லை, சின்னக் காசும் இல்லை. முதலில் சோதிக்க வேண்டியது நோய் வந்தவரைத்தான்.

குடும்பத்தில் ஒன்றும் இல்லாவிட்டாலும், 35 வயதைத் தாண்டிய பெண்கள் உங்கள் பகுதி எம்.ஓ.எச். காரியாலயத்தின் சுவநாரி கிளினிக்குக்குப் போங்கள். இலவசம். நாரஹேன்பிட்டியிலும் புற்றுநோயை ஆரம்பத்தில் கண்டறியும் அரச நிலையம் இருக்கிறது. கட்டி ஒன்று கைக்குத் தட்டுப்பட்டால் வயதைப் பார்க்க வேண்டாம், கல்யாணப் பேச்சு முடியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம்.

ராத்தாவுக்கு முடி திரும்ப வளர்ந்துவிட்டது. முன்னைவிடச் சுருளாக வந்திருக்கிறது, அதைச் சொல்லிச் சிரிக்கிறார். செக்கப்புக்கு நானும் கூடப் போகிறேன். போன தடவை பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஒரு பெண் "எங்க போறீங்க?" என்று கேட்டார். ராத்தா தாவணியைச் சரிசெய்துகொண்டு, நல்ல சத்தமாகவே சொன்னார், "மகரகமைக்கு. எனக்கு கென்ஸர் வந்திச்சு, காட்டிட்டு வரப் போறேன்."

அந்தப் பெண் கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "எங்கட உம்மாக்கும்" என்றார்.

எங்களுக்காகத் துஆச் செய்யுங்கள். நானாவுக்காகவும்.